கண்ணாடியில் தொங்கிய பல்பு

என் டயர் கடைக்கும் எலக்ட்ரீசியனின் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதுவும் பாதியில் நின்றுபோன சுவர். மேல் பாதிக்குத் தகரம் அடித்திருக்கிறோம். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் பஞ்சர் பார்க்க ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி விடுகிற சத்தம் அவனுக்குக் கேட்கும். ஆகவே அந்த வீட்டு விஷயத்தை நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. காதைப் பொத்திக்கொண்டு டயர் மாற்ற இரண்டு கை போதாது.

பட்டறையின் பின்கதவைத் திறந்தால் அவனுடைய அடுப்படி. கிரீஸ் வாசனையும் வெங்காயம் வதங்கும் வாசனையும் சேர்ந்துதான் இந்தப் பக்கம் வரும். வீட்டில் மூன்று பேர். அவன், அவன் மனைவி, அவனுடைய அக்கா. கார்களில் ஒயரிங், பேட்டரி, லைட்டு என்று எது கெட்டாலும் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். வருகிறவர்களிடம் எடுத்த எடுப்பிலேயே “பொறுங்க” என்பான். அவன் இல்லாத நேரத்தில் வந்தால் “பொறுங்க இருக்காரா?” என்றே என்னிடம் விசாரிப்பார்கள். ஆனால் வேலை சுத்தம். அவசரப்பட்டு ஒரு சாமானை மாற்றிவிட்டு அனுப்புகிற ஆள் இல்லை.

அக்கா எனக்கு வயதில் இளையவள்தான். தெருவே அக்கா என்பதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கல்யாணமாகிப் போன இடம் சரிப்படவில்லை. திரும்பி வந்ததும் மூலையில் உட்கார்ந்து அழாமல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று ஒரு வாய் பேச அவள் இடம் கொடுத்ததில்லை. பிள்ளைகள் அவளை டிரைவர் அத்தை என்பார்கள். காரைத் தினமும் அவளே துடைப்பாள். அந்தத் துணியை வேறு எதற்கும் யாரும் தொடக்கூடாது.

அந்தக் கார்தான் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது.

மழைக்காலம். கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாமல் நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கிற மழை. போட்ட சட்டை காயாது, தெருச் சேறு கடைக்குள்ளேயே குடியிருக்கும், மனிதர்கள் முகமும் அதற்கேற்ற மாதிரியே இருக்கும். அப்படி ஒரு காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த அக்கா சாவியைப் பட்டறை மேசையில் போட்டாள்.

“மறுபடியும் நின்னுடுச்சுடா.”

“எங்கக்கா?”

“தண்ணித் தொட்டித் திருப்பத்த தாண்டி. நல்லாத்தான் போயிட்டிருந்தேன். பாத்தா, முன்னாடி அத்தன லைட்டும் எரியுது. பேட்டரி, ஆயிலு, இன்ஜின், இன்னும் என்னென்ன எழவோ. வண்டி நடுரோட்டுல செத்துக் கெடக்கு. பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சுக் காதக் கிழிக்கிறான்.”

“லைட்டு மொதல்ல வந்துச்சா, இன்ஜின் மொதல்ல நின்னுச்சா?”

“ரெண்டும் ஒண்ணாத்தான்.”

“ஒண்ணா வராதுக்கா. ஏதாவது ஒண்ணுதான் மொதல்ல.”

“வந்துச்சுன்னா வந்துச்சு. உங்கிட்ட நான் என்ன கதையா விடறேன்?”

“சரி, அப்புறம்?”

“அப்புறம் என்ன? சாவியத் திருப்புனேன், சமத்தா ஸ்டார்ட் ஆயிடுச்சு. அதுதான் வயித்தெரிச்சல். ஒரேயடியா கெட்டுத் தொலைஞ்சாலும் நீ கண்டுபிடிச்சிருவ.”

அவன் அந்தக் கேள்வியை விடாமல் கேட்டதற்குக் காரணம் உண்டு. சாவி போட்டபடி இருக்கும்போது இன்ஜின் எதனால் நின்றாலும் எச்சரிக்கை விளக்குகள் எரியத்தான் செய்யும். விளக்கு எரிந்து இன்ஜின் நின்றதா, இன்ஜின் நின்றதால் விளக்கு எரிந்ததா என்று தெரிந்துவிட்டால் பாதி வழி வந்த மாதிரி. அக்காவுக்கு அது ஒருநாளும் தெரியவில்லை. நல்லாத்தான் போயிட்டிருந்தேன் என்பாள், பாத்தா எல்லாம் எரியுது என்பாள். நடுவில் ஒன்றும் கிடையாது.

வந்து வந்து போகிற கோளாறு இருக்கிறதே, அதைப்போல எலக்ட்ரீசியனின் உயிரை எடுப்பது வேறெதுவும் இல்லை. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். எப்போதோ ஒருமுறை வோல்டேஜ் குறைந்ததாக ஒரு பழைய குறிப்பு காட்டியது, அவ்வளவுதான். பேட்டரி முனைகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். ஆல்டர்னேட்டரைச் சோதித்தான். சாவி சுவிட்சைப் பிரித்து மாட்டினான். ரிலே ஒவ்வொன்றையும் பிடுங்கி வேறு போட்டான். இன்ஜினை ஓடவிட்டு ஒயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தும் முறுக்கியும் பார்த்தான். சூட்டில் வருகிறதா என்று அக்காவின் முடி உலர்த்தும் மெஷினை வாங்கி ஃப்யூஸ் பெட்டிக்குச் சூடு காட்டினான். ஈரத்தில் வருகிறதா என்று செடிக்குத் தெளிக்கிற குப்பியால் தண்ணீர் அடித்தான். வண்டி அசரவில்லை, இன்ஜின் ஒருமுறைகூட அணையாமல் ஓடியது.

“உன்னப் பாத்தா மட்டும் நல்ல பிள்ள வேஷம் போடுது” என்றேன் நான்.

“போடும் போடும். எனக்குன்னு வந்து வாய்க்குது பாருங்க.”

அவனே எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினான். மேடு பள்ளமாகப் பார்த்து விட்டான். ஒன்றும் நடக்கவில்லை. சாவியை அக்காவிடம் கொடுத்த நாலைந்து நாளில் மறுபடியும் நின்றது. கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் ஒயர் ஓடுகிறது என்று சொல்கிற நிலைக்கு அவன் வந்துவிட்டான். எனக்கே அலுத்துவிட்டது. டயரா, ஆணி குத்தியதா, பிடுங்கி ஒட்டினோமா என்று முடிகிற என் தொழில் எவ்வளவோ மேல்.

ஒருநாள் மத்தியானம் குடையோடு ஒரு அம்மா வந்தாள். அக்கா காரில் போகிற சின்னப் பெண்ணின் அம்மா. நல்ல மாதிரி, சண்டைக்கு வந்தவள் இல்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. இனிமே பாப்பாவ நானே கூட்டிட்டுப் போறேன். வண்டி நடுவழியில நிக்குதுன்னு சொல்றாங்க. எனக்கு வேல ஓட மாட்டேங்குது.”

“தம்பி பாத்துட்டிருக்கான்மா. ரெண்டே நாள்.”

“பாப்பாவும் என்னமோ சொல்லுது. அத்த கோவமா இருந்தாங்க, கூப்பிட்டா பேசவே இல்லன்னு.”

அக்கா சிரித்துவிட்டாள். “ஓட்டும்போது எங்கிட்ட பேசக்கூடாதுன்னு நான்தானே சொல்லி வச்சிருக்கேன். அதுக்கா கோவிச்சுக்கிச்சு? சன்னல் பக்கம் அவளுக்குன்னு எடம் பிடிச்சு வச்சிருக்கேன், சொல்லுங்க.”

அந்த அம்மா சங்கடத்தோடு தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை தாண்டும்வரை சிரித்த முகமாக நின்ற அக்கா, பிறகு வண்டியின் முன்சக்கரத்தை ஓங்கி ஒரு உதை உதைத்தாள்.

“சனியனே, என் பொழப்புல மண்ணப் போடவே வந்தியா?”

அன்று சாப்பாடு பட்டறையிலேயே நடந்தது. எனக்கும் ஒரு தட்டு வரும். அக்கா பிள்ளைகளை அழைத்துவரக் கிளம்பிப் போயிருந்தாள். எலக்ட்ரீசியனின் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“நான் ஒண்ணு சொன்னா கோவப்படக்கூடாது.”

“கோவப்படுற மாதிரி ஏதோ சொல்லப் போற” என்றான் அவன்.

“நேத்து அண்ணி கொழாயடியில கொடத்த வச்சிட்டு நின்னாங்க. கொடம் ரொம்பி வழியுது. பாத்துக்கிட்டே நிக்கிறாங்க. அண்ணி அண்ணின்னு கூப்பிடறேன், திரும்பல. வாய் மட்டும் எதையோ மெல்லுற மாதிரி அசையுது. கிட்டப் போய்த் தொட்டதும்தான், என்னடி இப்படித் தண்ணிய வீணாக்குறன்னு என்னையே திட்றாங்க.”

“அவளுக்கு ஆயிரம் யோசன. வண்டி இந்த லட்சணத்துல இருக்கு, பிள்ளைங்க ஒவ்வொண்ணா நிக்குது. நின்னு யோசிச்சா ஒரு குத்தமா?”

“யோசிக்கிற மொகம் எனக்குத் தெரியாதா? போன வாரமும் ஒரு தடவ, தட்டு கழுவும்போது.”

“இப்ப என்ன சொல்ல வர? அக்காவுக்கு மூள சரியில்லங்கிறியா?”

“ஐயோ, அப்படி யார் சொன்னா? அண்ணே, நீங்களே சொல்லுங்க, நான் அப்படியா சொன்னேன்?”

என்னை எதற்கு இழுக்கிறாள் என்று நான் சோற்றில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவன் பாதித் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து, நேராக ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று முழுக்க அந்தப் பின்கதவு சாத்தியே கிடந்தது.

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

“டயரு! டயரு! ஓடி வாங்க!”

போனேன். பேட்டரிக்கு அடியில், வண்டியின் உடம்போடு எர்த் ஒயரை முடுக்கியிருக்கிற இடத்தைப் பிரித்து வைத்திருந்தான். மேலே பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. உள்ளே பச்சை பூத்து, ஒயர் நாலு இழையில் தொங்குகிறது. மீட்டரை வைத்து ஒயரை ஆட்டிக் காட்டினான். எண் துள்ளிக் குதித்தது. ஆட்டினால் முன்னால் பேட்டரி விளக்கு மினுக்கியது.

“மாட்டிக்கிட்டியா? எத்தன நாள் என் தூக்கத்தக் கெடுத்த!” என்று அந்த ஒயரைக் கொஞ்சினான்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவள் அந்தப் பச்சைப் பொடியை விரலில் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. “அப்பவே சொன்னேன்ல, வண்டிதான்னு. நான் சொன்னா யார் நம்புறீங்க?” என்றாள். அன்று அவளே அடுப்படியில் நின்று எல்லோருக்கும் முட்டை பொரித்தாள். எனக்கு இரண்டு. மழைகூட அன்று சாயங்காலம் கொஞ்சம் விட்டது. எனக்கும் மனசு லேசாகிவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

புது ஒயர் போட்டாயிற்று. அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அக்கா படுக்கப் போன பிறகு, நான் கடையைச் சாத்த ஷட்டரை இழுத்துக்கொண்டிருக்கையில், பட்டறையில் மெல்லிய குரலில் பேச்சு.

“எர்த் போனா லைட்டு மினுக்கும்னு சொன்னீங்க. இன்ஜினே நிக்குமா?”

“நிக்கலாம்.”

“நிக்கலாமா, நிக்குமா?”

அவன் ஸ்பேனரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

“வர்ற ஆளுங்கள எல்லாம் மொதல்ல என்ன கேப்பீங்க? கோளாறு வந்தப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேப்பீங்கல்ல? கியர் மாத்துனீங்களா, பிரேக் அடிச்சீங்களா, ஏசி போட்டீங்களான்னு கொடையாத கொட கொடைவீங்க. அண்ணிகிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

நான் ஷட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னது உண்மை. வண்டிக்காரன் சொல்வதை அப்படியே நம்பாதே என்பது இந்தத் தொழிலில் எடுத்ததும் படிக்கிற பாடம். யார் வந்தாலும் வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்கிறவன், கூடப் பிறந்தவள் என்பதால் அவள் சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் விசாரித்திருக்கிறான்.

அவன் குரல் கேட்டது. “பல்பு கட்டிப் பாத்துருவோம்.”

அது அவன் பழைய வழி. இன்ஜினுக்குப் போகிற கரண்டிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்து, ஒரு சின்ன பல்பை ஓட்டுகிறவர் கண்ணுக்கு எதிரே, முன்கண்ணாடியில் டேப் போட்டுத் தொங்கவிடுவான். வண்டி நிற்கும்போது பல்பும் அணைந்தால் கரண்டில் கோளாறு, ஒயரைத் தேடு. பல்பு எரிந்துகொண்டே இருந்தால் ஒயர் மேல் பழியில்லை, வேறு இடத்தில் தேடு.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை. “எர்த்துதான்னு கண்டுபிடிச்சாச்சே, இது எதுக்குடா?” என்றாள் அக்கா, பல்பைப் பார்த்து.

“ஒரு உறுதிக்குத்தான்க்கா. சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.”

“அதுவும் சரிதான். ஊரு வாய அடைக்கணும்ல? டயர்காரரே, நீங்களும் ஏறுங்க. நாளைக்கு நாலு பேருகிட்ட சொல்ல ஒரு சாட்சி வேணும்.”

அவன் முன்னால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான், நான் பின்னால் ஏறினேன். அந்தச் சின்னப் பெண்ணின் சன்னலோர இடம். கண்ணாடியில் விரலால் வரைந்த ஒரு பூனையின் தடம் ஆவியில் தெரிந்தது. வீட்டு வாசலில் அவன் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மழை மறுபடியும் தூற ஆரம்பித்திருந்தது.

அக்கா நன்றாக ஓட்டுவாள். அதைச் சொல்லியாக வேண்டும். பள்ளம் தெரிந்து விலக்குவாள், கியர் மாறுவது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வழியெல்லாம் பேச்சுதான்.

“பாரு, வெண்ணெ மாதிரி போகுது. அந்த அம்மாகிட்ட நாளைக்கே போய்ச் சொல்லிர்றேன். பாப்பா இல்லாம வண்டியே வெறிச்சுனு கெடக்கு. நீயும் வேணா ஒரு வார்த்த சொல்லு, எலக்ட்ரீசியன் சொன்னா நம்பு…”

பேச்சு அங்கே நின்றது. அடுத்த வார்த்தைக்கு யோசிக்கிறாள் என்றே நினைத்தேன். வண்டியின் வேகம் மெல்லக் குறைந்தது.

“அக்கா” என்றான் அவன்.

பதில் இல்லை. கண் திறந்திருக்கிறது, கை ஸ்டீரிங்கில் இருக்கிறது, உதடு மட்டும் எதையோ மெல்லுகிறது. வண்டி சாலையின் நடுக்கோட்டை நோக்கி நகர்ந்தது. எதிரே ஒரு லாரி.

“அக்கா! அக்கா!”

நானும் கத்தினேன். அவன் பாய்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்து ஓரத்துக்குத் திருப்பினான். லாரி ஹாரனை அலறவிட்டு உரசாத குறையாகப் போனது, சேற்றுத் தண்ணீர் சன்னலில் அடித்தது. வேகம் செத்து, கியரில் கிடந்த வண்டி திணறியது, உலுக்கியது, நின்றது. நின்ற உடனே முன்னால் எல்லா விளக்கும் எரிந்தன. பேட்டரி, ஆயில், இன்ஜின், எல்லாம். இன்ஜின் நின்றது முதலில், விளக்கு எரிந்தது பிறகு. நான் என் கண்ணால் பார்த்தேன்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு சிமிட்டல்கூட இல்லை.

தூறல் கூரையில் விழுகிற சத்தம் மட்டும். அப்புறம் அக்கா ஒருமுறை எச்சில் விழுங்கினாள், கண்ணைச் சிமிட்டினாள், முன்னால் எரிகிற விளக்குகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“பாத்தியா? பாத்தியாடா? இப்ப நீயே பாத்தேல்ல? அத்தன லைட்டும் எரியுது பாரு! நீ பக்கத்துல இருக்கும்போதே மாட்டிக்கிச்சு!”

அவன் கை இன்னும் ஸ்டீரிங்கிலேயே இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

“உன் கை எதுக்கு இங்க இருக்கு?”

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் நிமிர்ந்து கண்ணாடியில் தொங்குகிற பல்பைப் பார்த்தாள். பட்டறைக்குப் பின்னாலேயே இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சந்தோஷம் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனதை நான் ஓட்டுகிறவர் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“அணைஞ்சு எரிஞ்சுச்சா?” என்று கேட்டாள்.

“இல்லக்கா.”

“என்னக் கூப்பிட்டியா?”

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “ரெண்டு பேரும் கூப்பிட்டோம் அக்கா. சத்தமாத்தான் கூப்பிட்டோம்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னை இல்லை, நான் உட்கார்ந்திருந்த இடத்தை.

“அப்ப அந்தப் பிள்ளையும் கூப்பிட்டிருக்கு” என்றாள். “கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்கு. நான் கோவமா இருக்கேன்னு நெனச்சிருக்கு.”

தூறல் வலுத்தது. துடைப்பான் மட்டும் போய்ப் போய் வந்தது.

“டாக்டர்கிட்ட போவோம்க்கா” என்றான் அவன் கடைசியில். “நாளைக்கே போவோம். இப்படி நெனவு தப்புறதெல்லாம் மருந்து சாப்பிட்டா சரியாயிடும். எத்தனையோ பேருக்குச் சரியாயிருக்கு.”

“போவோம்.” அவள் பெல்ட்டைக் கழற்றினாள். “காலையில பிள்ளைங்க ரோட்டுல நிப்பாங்க. நீ போய்டு. மூணாவது நிக்கிறவன் ஷூ போடாம வருவான், ஏத்திக்கிட்டுப் போட்டுக்கச் சொல்லு.”

“சரிக்கா. யாராவது கேட்டா வண்டி ரிப்பேர், அதான் நீ வரலன்னு சொல்லிடறேன்.”

“சொல்லாத.” குரல் சட்டென்று உயர்ந்தது. “வண்டி மேல ஒரு குத்தமும் இல்லன்னு சொல்லு. அத்தைக்குத்தான் ஒடம்பு சரியில்லன்னு சொல்லு. நான் போட்ட பழியே இதுக்குப் போதும், ஒதைக்க வேற செஞ்சேன்.”

கதவைத் திறந்து மழையில் இறங்கினாள். பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு முன்பக்கமாகச் சுற்றி வந்தாள். அவன் உள்ளுக்குள்ளேயே நகர்ந்து ஓட்டுகிற இடத்துக்குப் போனான். அவள் இந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். தலை நனைந்திருந்தது. பெல்ட்டைத் தேடிக் கை தவறான தோள் பக்கமே போனது. இத்தனை வருஷத்தில் அந்தக் காரில் அந்த இடத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

அவன் சாவியைத் திருப்பினான். வண்டி ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது.